மரிசோல் சொல்லாத பெயர்

சீனி காக்காவின் போன் வந்தபோது நான் அஜ்மானிலிருந்து துபாய் போகும் காலைப் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைக்காத எரிச்சலோடு எடுத்தேன். "தம்பி, நம்ம மரிசோலம்மா மவுத்தாப் போயிட்டாங்க. லாண்டரியில துணி மடிச்சிக்கிட்டு இருக்கையில நெஞ்சு வலின்னு உக்காந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றார். காக்கா கீழக்கரைக்காரர். எங்கள் தெருவில் கஃபட்டீரியா வைத்திருக்கிறார். கடையில் கரண்ட் போனாலும் சிரித்துக்கொண்டே மெழுகுவர்த்தி தேடுகிற மனிதர். அன்று விஷயத்தைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். மரிசோல் எங்கேயாவது என் பெயரை எழுதி வைத்திருப்பாரோ என்றுதான் நினைத்தேன். யெசேனியா விஷயத்தில் நான் செய்தது இந்த ஊரில் மரிசோலுக்கு மட்டும்தான் தெரியும். அது கம்பெனிக்குத் தெரிந்தால் என் வேலை போகும், விசா போகும், பத்தாம் வகுப்புப் படிக்கிற என் மகள் நடுவில் ஊருக்குப் போக வேண்டிவரும். ஒருத்தி செத்துக் கிடக்கையில் ஒருவனுக்கு இப்படி ஒரு நினைப்பு வருமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டோரம் நின்று, அதற்குப் பிறகுதான் அழுதேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காக்கா கடையில் நாம் கூடும்போது வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். மரிசோல் பேசியது இந்தியும் ஆங்கிலமும் கலந்த நம் வளைகுடாப் பேச்சு. நடுவே கோபம் வந்தால் ஸ்பானிஷ். அதை எல்லாம் தமிழாக்கித்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவர் என்னை எப்போதும் இந்தியில் 'பாய்', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார், பெயர் சொன்னதில்லை.

மரிசோல் கொலம்பியாவிலிருந்து வந்தவர். ஹோட்டல்களுக்கு ஆள் அனுப்பும் எங்கள் கம்பெனியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு சூப்பர்வைசர். நான் அதே கம்பெனியின் ஆபீஸில் கிளார்க். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டுவது என் வேலைகளில் ஒன்று. முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். அதனால் ஒரு காகிதம் இருக்கும்: 'பாதுகாப்புக்காக என் சொந்த விருப்பத்தில் கொடுக்கிறேன்.' அதில் கையெழுத்து வாங்கிவிடுவேன். நம் ஆட்கள் யாரும் அதைப் படித்ததில்லை. 'எங்கண்ணே போடணும்?' என்று கேட்டு, நான் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டு, டியூட்டி எப்போது என்று கேட்பார்கள்.

மரிசோல் படித்தார். இருபது நிமிடம் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே ஸ்பானிஷில் ஒரு வரி எழுதினார். என்ன இது என்று கேட்டேன். "இது என் விருப்பம் இல்லை, கேட்டார்கள், கொடுத்தேன், அப்படின்னு எழுதியிருக்கேன். இங்க யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாதுல்ல? ஃபைல்ல வெச்சுக்கோ பாய்" என்றார். வேறு காகிதம் தருகிறேன், எழுதாமல் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் கேட்டால் விலாசம் என்று சொல்லிக்கொள்ளலாம் என நானே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு, சீல் அடித்து, ஃபைலில் வைத்தேன்.

அவருக்குப் பின் வந்த பெரு, கொலம்பியா, ஈக்வடார் பெண்கள் ஒவ்வொருவரும் அதே வரியை எழுதினார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் சீல் அடிப்பேன். அதை நல்ல காரியம் என்று நான் செய்யவில்லை. முதல் காகிதத்தை ஏன் வாங்கினாய் என்ற கேள்வி வந்துவிடுமே என்றுதான் செய்தேன்.

லத்தீன் அமெரிக்கப் பெண்கள் என்றால் எங்கள் மேனேஜருக்கு ஒரே எண்ணம்தான். "சிரிச்ச முகம், முன்னாடி நிக்கட்டும்" என்பார். அவர்கள் படித்தது என்ன, முன்பு பார்த்த வேலை என்ன என்று கேட்க மாட்டார். விண்ணப்பத்தோடு முழு உயரப் போட்டோவும் வாங்கி ஹோட்டல்களுக்கு அனுப்புவார். நம் ஊர்ப் பெண்களிடமோ பிலிப்பைன்ஸ் பெண்களிடமோ அந்த ஆபீஸில் முழு உயரப் போட்டோ கேட்டதில்லை. ஒருநாள் மரிசோல் என் மேஜையில் வந்து உட்கார்ந்து, கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் போட்டோக்களை இடுப்போடு வெட்ட ஆரம்பித்தார். நான் பதறிப்போய்க் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வேலை செய்யப் போறது மூளையும் கையும். கால் எதுக்கு பாய் போட்டோவுல?" என்றார். வெட்டிய கால்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு, "உன் மேனேஜருக்கு வேணும்னா இதைக் குடு" என்று என்னிடம் நீட்டினார். கொடுக்கவா செய்வேன்? வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழித்துப் போட்டேன்.

காக்கா கடையில் மரிசோல் நடத்திய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு 'மீட்டிங்' என்று பெயர் வைக்க அவர் ஆசைப்பட்டார். காக்காதான், "அம்மா, மீட்டிங் கீட்டிங்னு சொல்லிப்புடாதீங்க. சாப்பாடுன்னு சொல்லுங்க. மீன் குழம்புக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்க" என்று தடுத்தார். அந்த மேஜையில் பெண்கள் பேசி முடித்த பிறகுதான் ஆண்கள் பேசலாம் என்பது அவர் வைத்த விதி. எனக்கு அது வசதியாகவே இருந்தது. எல்லோரும் பேசி முடிக்கும்போது சாப்பாடும் முடிந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

ஒரு ஞாயிறு என் மனைவி சுமதியையும் கூட்டிப் போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே மரிசோல் அவளிடம், "உன் பாஸ்போர்ட் எங்க இருக்கு?" என்று கேட்டார். "அவருகிட்டதான் இருக்கு. அவரு பையில வெச்சுப் பூட்டியிருப்பாரு" என்றாள் சுமதி, ஏதோ பெருமையாக. மரிசோல் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாய், நீயும் கம்பெனியா?"

மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் கடுத்துப் போனது. பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தக் காகிதத்தில் அந்த வார்த்தை இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். சுமதி அதைத் தன் புடவைகளுக்கு நடுவில் வைத்தாள். அன்றிலிருந்து மரிசோலை அவள் 'அக்கா' என்றுதான் சொல்லுவாள்.

அவரைத் தைரியசாலி என்று இங்கே பலர் பேசுவீர்கள். அவர் எவ்வளவு பயந்தவர் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஏதாவது ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றால் காலையில் ஒரு வாய் சாப்பிட மாட்டார், சாப்பிட்டால் வாந்தி வரும். அவருடைய அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தயாராக இருந்தது. இரண்டு உடுப்பு, பிரஷர் மாத்திரை, சார்ஜர், தங்கையின் போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு. திடீரென்று போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று வருஷக்கணக்கில் அந்தப் பையை அவர் பிரிக்கவே இல்லை. "தைரியம்னு சொல்றாங்க. இந்தப் பையைப் பாத்தா தெரியும் பாய்" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு ஆறுதல் கிடைத்தது. நமக்குத் துணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி யெசேனியா. பெருவிலிருந்து ரிசப்ஷன் வேலைக்கு என்று வந்த பெண். இரண்டு மாதத்தில் மேனேஜர் அவரை ஒரு பார் லவுஞ்சுக்கு மாற்றினார். வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான் என்றார். யெசேனியா மாட்டேன் என்றார். பாஸ்போர்ட்டைக் கேட்டார். கொடுக்கவில்லை. அவர் மரிசோலின் அறைக்கு வந்துவிட்டார். உடனே கம்பெனி அவர்மேல் அப்ஸ்காண்டிங் போட்டது. வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று கொடுக்கும் புகார் அது. அது நிலைத்தால் விசா ரத்து, பிடித்தால் நாடு கடத்தல், திரும்ப வர முடியாது. ஓடியவரை வீட்டில் வைத்திருப்பவருக்கும் ஆபத்து. மரிசோல் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேராக லேபர் ஆபீஸுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்.

விசாரணைக்குக் கம்பெனி சார்பில் பி.ஆர்.ஓ. போனார். அரசாங்க ஆபீஸ் வேலைகளைப் பார்ப்பவர் அவர். ஃபைலைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். எதிரே மரிசோலும் யெசேனியாவும் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருப்பதாகப் புகார் இருக்கிறதே என்று அதிகாரி கேட்டார். பி.ஆர்.ஓ. ரொம்ப நிதானமாக, "பிடுங்கவில்லை சார், அவரே விரும்பிக் கொடுத்தார்" என்று சொல்லி, என் கையிலிருந்து அந்தக் காகிதத்தை உருவி நீட்டினார்.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துக்குக் கீழே இருக்கும் வரி என்ன என்று கேட்டார். "விலாசமாக இருக்கும்" என்றார் பி.ஆர்.ஓ. "விலாசம் இல்லை. விருப்பம் இல்லாமல் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறது" என்றார் மரிசோல். நீங்கள் அவள் கட்சி, நீங்கள் சொன்னால் எப்படி என்று பி.ஆர்.ஓ. மடக்கினார். பிறகு என்னைக் காட்டினார். "கையெழுத்து வாங்கினது இவர்தான். இவரையே கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், மரியாதையாகத்தான் கேட்டார். "இந்த வரியின் பொருள் உங்களுக்குத் தெரியுமா?"

என் மகளின் யூனிஃபார்ம் கண்ணில் வந்தது. யெசேனியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் சுமதியின் கணவன், கிளார்க், அவ்வளவுதான். அந்த வரியின் பொருள் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மரிசோலுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது சார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது" என்றேன்.

'இவனுக்குத் தெரியும், முதல் நாளே நான் சொன்னேன்' என்று மரிசோல் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், நான் அங்கேயே உளறியிருப்பேன். அவர் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க வேண்டும் என்று அதிகாரி விசாரணையை ஒன்பது நாள் தள்ளிவைத்தார்.

அந்த ஒன்பது நாளும் யெசேனியா மரிசோலின் அறையை விட்டு வெளியே வரவில்லை. புகார் இன்னும் அவர் தலைமேல் இருந்தது. லிஃப்ட் சத்தம் கேட்டால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். சுமதி தினமும் மத்தியானம் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுவாள். "பாவங்க அந்தப் பொண்ணு, என் கையை விடவே மாட்டேங்குது. அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்குமா தெரியல?" என்று கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பத்தாம் நாள் மொழிபெயர்ப்பாளர் வந்து அந்த வரியைப் படித்தார். கம்பெனி தானே கொண்டுவந்து நீட்டிய காகிதம், மறுக்க முடியவில்லை. அப்ஸ்காண்டிங் ரத்தானது. யெசேனியாவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அலமாரியைத் திறந்து நம் ஆட்கள், நேபாளிகள், பிலிப்பினோக்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். சிலர் எனக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நின்றேன்.

அதோடு முடியவில்லை. அந்த வரியைப் பற்றி ஆபீஸில் யாருக்குத் தெரிந்திருந்தது என்று மேனேஜர் மரிசோலைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பெயரைச் சொன்னால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேன் என்றார். "யாருக்கும் தெரியாது" என்றார் மரிசோல். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அதே பதில். அடுத்த மாதம் அவருக்கு வேலை இல்லை. அஜ்மானில் ஒரு லாண்டரியில் சேர்ந்தார். சூப்பர்வைசராக இருந்தவர் சூட்டிலும் ஆவியிலும் நின்று படுக்கை விரிப்பு மடித்தார். அங்கேதான் நெஞ்சு வலித்து உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்துக்கு அவரை அனுப்பியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவரைத் தேடிப் போய் ஒருநாள் அழுதேன். லாண்டரி வாசலில், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வரியைப் படிக்க ஊர்ல வேற ஆள் கிடைப்பான்னு எனக்குத் தெரியும். உன் விசா போனா உன் பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் யாரு குடுப்பா? ஆனா பாய், நீ செஞ்சது தப்பு. அந்தப் பொண்ணுகிட்ட ஒருநாள் நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"பயம் போன பிறகு சொல்றேன்" என்றேன்.

"எனக்கு இன்னும் போகல. போகும்னு காத்துக்கிட்டு இருந்தா நான் ஒரு காயிதமும் எழுதியிருக்க மாட்டேன். பயத்தோடவே சொல்லு" என்றார். பொட்டலத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். இரண்டு வருஷமாகிவிட்டது. அவர் இருக்கும்வரை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார், ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை.

அவருடைய உடல் ஊருக்குப் போய்விட்டது. உடலை அனுப்பும் முன் தூதரகம் ரத்து செய்ய வேண்டிய பாஸ்போர்ட் அவரிடமே இருந்ததால் அலைச்சல் இல்லாமல் முடிந்தது என்றார் காக்கா. இங்கே நம்மில் எத்தனை பேரின் உடல்கள் கம்பெனி அலமாரி திறப்பதற்காகக் காத்துக் கிடந்திருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியும்.

யெசேனியா இப்போது மஸ்கட்டில், ரூவியில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறார். பண்டிகைக்குப் பண்டிகை எங்களுக்கு வாழ்த்து அனுப்புவார், என்னை 'நல்ல அண்ணன்' என்பார். முந்தாநாள் சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்த ஒம்பது நாளும் என் கையால சோறு வாங்கித் தின்னீங்களே" என்றாள். கொஞ்சம் கழித்து, "போன் பண்ணுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றாள். பண்ணினேன். யெசேனியா குறுக்கே பேசாமல் கேட்டார். அழுதாரா என்று தெரியவில்லை. கடைசியில், "ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இதை வாசிக்கும்போது அவர் இங்கே எங்கேயாவது உட்கார்ந்திருப்பார். கம்பெனிக்குப் போய்ச் சொல்லக்கூடியவர்களும் இருப்பீர்கள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. மரிசோலிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: நடுங்கிக்கொண்டே சொன்னாலும் உண்மை உண்மைதான் என்று அவர் வாழ்ந்து காட்டியது. அதை இன்றிலிருந்தாவது என்னுடையதாக்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.

யெசேனியா, அந்த அதிகாரி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். தெரியும். முதல் காகிதத்திலிருந்தே தெரியும். மேனேஜர் மூன்று முறை கேட்டும் மரிசோல் சொல்லாத பெயர் முருகானந்தம். அது நான்தான்.